புதிது என்று சொல்ல என்ன கூச்சம்?

அன்புள்ள ஐயா,

லீட்ஸ் நகரில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கழுத்தில் சுத்தியல் வடிவ டாலர். ஐஸ்லாந்து உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகளில் கிறிஸ்தவத்துக்கு முன் வணங்கப்பட்ட தோர் என்ற கடவுளின் ஆயுதமாம். ஆயிரம் ஆண்டுகளாக ரகசியமாகக் காப்பாற்றப்பட்ட மதமாம். 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கொம்புத் தொப்பியோடு புகுந்தவரும் அதே சுத்தியலைப் பச்சை குத்தியிருந்தார். இது இனவெறியர்களின் மதமா? இந்தக் காலத்தில் தோரை யாராவது நிஜமாக நம்புவார்களா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மகளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்கள். நம்புகிறார்களா என்பதை விடுங்கள். எந்த மதத்திலும் அதை அளந்து சொல்ல முடியாது. என்னைத் துணுக்குறச் செய்தது சுத்தியல் அல்ல, "ஆயிரம் ஆண்டுகளாக ரகசியமாக" என்ற வரி. சில காலமாக என் மனத்தை அரிப்பதும் அதுதான். படித்தவர் நீங்கள், அதை எப்படி அப்படியே எழுதி அனுப்பினீர்கள்?

அப்படி ஒரு தொடர்ச்சி கிடையாது. 1000ஆம் ஆண்டையொட்டி, நாட்டின் பொதுச்சபையான அல்திங்கில் முடிவெடுத்து ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறியது. பாடல்களும் கதைகளும் எஞ்சின. கோயில் வழிபாடு நின்றது. 1972இல் ஸ்வெய்ன்ப்யொர்ன் பெய்ன்டெய்ன்ஸன் என்ற விவசாயி, கவிஞர், அந்தப் பழைய தெய்வங்களை வழிபட நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். மறு ஆண்டே அரசு அங்கீகரித்தது. அவர்கள் சடங்கில் பானம் நிறைந்த கொம்பு கைமாறும். வாங்குகிறவர் தெய்வத்துக்கோ இறந்துபோன பாட்டிக்கோ ஒரு வார்த்தை சொல்லிக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் தருவார். பழைய நூல்களைப் படித்துத் திரும்பக் கட்டிய வழிபாடு அது. புதிதாக இருப்பதால் அதற்கு என்ன குறை?

இங்கிலாந்தில் தோன்றிய விக்கா என்ற சூனிய வழிபாட்டு மதத்தையும் பாருங்கள். மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்த ஜெரால்ட் கார்ட்னர், பழைய சூனியக்காரர் மதத்தின் மிச்சத்தைக் கண்டதாக 1954இல் எழுதினார். அந்த வாதம் நிற்காது என்று 1999இல் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் காட்டினார். விக்கா கலைந்துவிடவில்லை. பலர் அதை ஒப்புக்கொண்டு வழிபாட்டைத் தொடர்ந்தார்கள்.

ஒப்புக்கொள்ளாதவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு வியன்னாவின் எழுத்தாளர் கீடோ ஃபான் லிஸ்ட் உதாரணம். 1902இல் கண் அறுவைக்குப் பின் பார்வையற்றிருந்த மாதங்களில் ரூன் எனப்படும் பழைய ஜெர்மானிய எழுத்துகள் பதினெட்டின் மர்மம் தனக்குப் புலப்பட்டதாகவும், ஜெர்மானியப் பூசாரிகள் வழிவழியாகக் காத்த ஞானம் அது என்றும் சொன்னார். ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் காலரில் அணிந்த இரட்டை மின்னல், அவர் பட்டியலின் 'ஸிக்' எழுத்துதான். அறுபடாத மரபு என்றால் அதைச் சுமக்க அறுபடாத இரத்தம் வேண்டும். இரத்தம் என்று வந்துவிட்டால் தூய்மை பார்க்க ஆள் வேண்டும், வெளியே தள்ள ஆள் வேண்டும். கொம்புத் தொப்பிக்காரர் பிறகு வருகிறார். இந்தப் பொய் முன்னால் வருகிறது.

2015இல் ஐஸ்லாந்துச் சங்கம் கோயில் கட்டப்போவதாக அறிவித்தபோது வெளிநாடுகளிலிருந்து வசைக் கடிதங்கள் வந்தன. ஒருபாலினத் திருமணத்தைச் சங்கம் ஆதரித்ததுதான் காரணம். சங்கம் பின்வாங்கவில்லை. இவர்களும் சுத்தியல் அணிபவர்களே.

அந்த டாலர் எங்கே கிடைத்தது, திருச்சிப் பெண்ணின் கையில் அந்தக் கூட்டத்தார் கொம்பைத் தருகிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். தருகிறார்கள் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். டாலர் கழுத்திலேயே இருக்கட்டும். அந்த ஆயிரம் ஆண்டுக் கதையை மட்டும் அவள் விட்டுவிட வேண்டும். அதற்கு நீங்கள் அவளோடு சண்டை போட்டாலும் தவறில்லை.