மோட்டார் ஓடுது, தண்ணீர் நிற்கலை

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு ஏக்கர் குறுவை நெல். போர் மோட்டார் எட்டு மணி நேரம் ஓடியும் வயலில் இரண்டு அங்குலம் நிற்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது?

பதில்: முதலில் 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வையுங்கள். 20 நொடியில் நிரம்பினால் மணிக்கு 36,000 லிட்டர். ஏக்கருக்கு இரண்டு அங்குலம், அதாவது 5 செ.மீ. நிற்க சுமார் 2 லட்சம் லிட்டர்; ஆறு மணி நேரத்துக்குள் நின்றிருக்க வேண்டும். (வெடித்த நிலம் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, மண் முதலில் குடித்துவிடும்.)

அடுத்து, மாலையில் மடையை அடைத்து, குச்சி நட்டு, நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். இரவில் ஆவியாவது சொற்பம். விடிவதற்குள் இறங்கியது பெரும்பாலும் கசிவுதான். வரப்பில் நண்டு வளை தேடுங்கள். களிமண் திணித்து மிதியுங்கள். கோட்டை விட்டு நீர் இறங்கவில்லையா? வாய்க்காலைச் சந்தேகப்படுங்கள், ஒருமுறை ஹோஸ் போட்டு நேரே வயலுக்கு விட்டு, நேரத்தை ஒப்பிடுங்கள்.