எம்ஏரி137வை1: இதை எப்படி வாசிப்பது?

தங்கச்சி, பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வரப்போகிறீர். பாடப்பட்டியலில் எம்ஏரி137வை1 (MAT137Y1), எம்ஏரிஏ31எச்3 (MATA31H3) என்றெல்லாம் கிடக்கிறது, இதில் முதலாம் வருடப் பாடம் எது என்று கேட்டிருந்தீர். இரண்டுமே முதலாம் மட்டம்தான், இரண்டும் நுண்கணிதம். நானும் கிளிநொச்சியிலிருந்து வந்து இங்கே படித்தவள் என்றபடியால் விளக்கமாகவே சொல்கிறேன்.

எம்ஏரி என்றால் கணிதத்துறை. 137இன் முதல் இலக்கம் மட்டத்தைக் காட்டும். 100கள் முதலாம் மட்டம், 400கள் கடைசி வருடத்தவை. 'வை' முழுப்பாடம், 1.0 கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகு. 'எச்' அரைப்பாடம், 0.5. நான்கு வருடப் பட்டத்துக்கு 20 கிரெடிட் சேர்க்கவேண்டும். கடைசி இலக்கம் வளாகம்: 1 சென் ஜோர்ஜ், 3 ஸ்காபரோ, 5 மிசிசாகா. ஸ்காபரோவில் மட்டத்தை எழுத்தால் குறிப்பார்கள். ஏ முதலாம் மட்டம், டி நான்காம் மட்டம்.

பதியும்போது இதன் பின்னால் இன்னொரு எழுத்து வரும். எஃப் என்றால் செப்டெம்பரில் தொடங்கும் தவணை, எஸ் ஜனவரியில் தொடங்குவது, வை இரண்டு தவணையும். இந்த 'வை' வேறு, கிரெடிட்டைக் காட்டும் 'வை' வேறு. விரிவுரைக்குப் பதிந்தால் மட்டும் போதாது. ரியூட்டோரியலோ செய்முறையோ இருந்தால் அதற்கும் தனியாகப் பதியவேண்டும்.

அங்கே ஒரு பட்ச் முழுக்க ஒன்றாகத் தொடங்கி, பெரும்பாலும் ஒரே பாடங்களோடுதான் போகும். இங்கே அப்படி இல்லை. எதை எப்போது எடுப்பது என்பதை நீர்தான் தீர்மானிக்கவேண்டும். அதனால் இலக்கத்தை மட்டும் பாராமல் அதன் கீழே எழுதியிருப்பதையும் கட்டாயம் வாசியும். முதலே சித்தியடைந்திருக்கவேண்டிய பாடம் எது, சேர்த்து எடுக்கவேண்டியது எது, எடுக்கக்கூடாதது எது என்று அதில் இருக்கும். உதாரணத்துக்கு, எம்ஏரி135 என்ற இன்னொரு நுண்கணிதப் பாடத்தையும் 137ஐயும் எடுத்து இரண்டுக்கும் கிரெடிட் வாங்க முடியாது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்த உமக்கு 135இல் வரும் வகையீடு பழகினதுதான். 137 நிறுவல் கேட்கும். 100களில் உள்ள பாடம் என்றால் லேசு என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

இந்த இலக்கங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். யோர்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் 1013 3.00 என்று ஒரு பாடம் உண்டு. அங்கே 1000கள் முதலாம் வருடத்துக்குரியவை, 3.00 அதன் கிரெடிட், ஒனர்ஸ் பட்டத்துக்கு 120 வேண்டும். ரொறன்ரோவிலோ நான்கு இலக்கம் வந்தால் அது பட்டமேற்படிப்புப் பாடம்.

அதனால்தான் உம்முடைய வவுனியாப் பாட இலக்கத்தைப் பார்த்து இங்கே ஒருவரும் கிரெடிட் தரமாட்டார்கள். அவர்கள் கேட்பது பாடத்திட்டம்: என்ன தலைப்புகள், எத்தனை மணித்தியாலம், எந்தப் புத்தகம், புள்ளி எப்படிப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் அதை ஆங்கிலத்தில், பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கிக்கொண்டு வெளிக்கிடும். பிறகு பார்ப்போம் என்று விட்டால், முல்லைத்தீவிலிருந்து அம்மாதான் பஸ் ஏறி அலையவேண்டிவரும். 2021 ஓகஸ்டுக்கு முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது. பழைய பெயரைப் பார்த்து யாராவது குழம்பினால் அதையும் சொல்லும். கிரெடிட் தருவது அவர்களுடைய முடிவு. ஆனால் ஒரு கணிதப் பாடத்தை ஏற்றுக்கொண்டாலே, வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தில் அது பெரிய காசு.