அணைத்த பிறகும் கேட்கும் 'பீப்'

கேள்வி: ஆறு வருடமாக வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு மாதமாக இரண்டு விதமான சத்தம் வருகிறது. ஒன்று, நிமிடத்துக்கு ஒரு தடவை போல குட்டியாக ஒரு 'பீப்'. இரவில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் இது கேட்கிறது. இன்னொன்று, பழைய போட்டோக்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கைத் திறந்தால் 'டக்... டக்...' என்று தட்டுவது போன்ற சத்தம். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே 'பீப்' ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, இருந்தாலும் பவர் சப்ளையையும் ஃபேனையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் இந்தப் பதிலை முழுதாகப் படிப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்யுங்கள்: அந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கும் போட்டோக்களை வேறொரு டிஸ்குக்கு நகல் எடுக்கத் தொடங்குங்கள். உங்கள் இரண்டு சத்தங்களில் அவசரமானது அந்த 'டக் டக்'தான்.

ஹார்ட் டிஸ்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன, அவற்றின் மேல் ஒரு சின்னக் கை அங்குமிங்கும் போய்ப் படிக்கிறது. படிக்கும்போது மெல்லிய கரகரப்பு வருவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பத் தட்டுகிறது, அந்த நேரத்தில் ஃபைல் திறக்கவும் தாமதமாகிறது என்றால், அந்தக் கை தேடும் இடத்தைப் பிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயல்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். இப்படிப்பட்ட டிஸ்க் ஒரு வருடமும் ஓடலாம், நாளைக்கே நின்றும் போகலாம். அதனால் முதலில் போட்டோக்கள், அவற்றிலும் வேறெங்கும் நகல் இல்லாதவை. எல்லாம் பத்திரமான பிறகு, டிஸ்கே தன் நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பாருங்கள். அதில் எல்லாம் நல்லபடியாகத் தெரிந்தாலும் தட்டல் தொடர்ந்தால் உங்கள் காதையே நம்புங்கள், புது டிஸ்க் வாங்குங்கள். எஸ்எஸ்டி வாங்கினால் அதில் சுழலும் பாகமே கிடையாது, இந்தச் சத்தமும் வராது.

சரி, 'பீப்'புக்கு வருவோம். நீங்கள் சொன்னதில் இரண்டு நல்ல துப்புகள் இருக்கின்றன: அணைத்த பிறகும் கேட்கிறது, கடையில் கேட்கவில்லை. அப்படியென்றால் அது கம்ப்யூட்டரிலிருந்தே வராமல் இருக்க வாய்ப்பு அதிகம்! சட்டென்று வந்து நின்றுவிடும் கீச்சுச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிடிப்பது கஷ்டம், பக்கத்தில் பெரிதாக என்ன இருக்கிறதோ அதன் மேல்தான் சந்தேகம் போகும். மேசைக்குக் கீழே யூபிஎஸ் இருந்தால் அதை முதலில் பாருங்கள். பேட்டரி வயதாகிவிட்டால் கரண்ட் இருக்கும்போதே பீப் அடிக்கும் யூபிஎஸ்கள் நிறைய உண்டு. அடுத்து, கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? அதன் பேட்டரி தீரும்போது, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கீச்சிடும். கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பீப் வந்தால் கம்ப்யூட்டர் நிரபராதி.

பிளக்கைப் பிடுங்கியதும் அது நின்றுவிட்டால், ஸ்பீக்கர் வயரை உருவிவிட்டுக் கேளுங்கள், அதோடு நின்றால் விஷயம் ஏதோ ஒரு மென்பொருளின் அறிவிப்புதான். ஸ்பீக்கர் இல்லாமலும் பீப் வந்தால் மதர்போர்டில் இருக்கும் சின்ன பஸர் அடிக்கிறது. சூடு அதிகமானாலோ ஃபேன் சுழலாவிட்டாலோ அது எச்சரிக்கும், அப்போது தூசி தட்டுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஃபேன் கெட்டால் உறுமும், அரைக்கும், நிமிடத்துக்கு ஒரு பீப் வராது. பவர் சப்ளையிலிருந்து சத்தம் வந்தால் அது பெரும்பாலும் மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும், நிமிடத்துக்கு ஒரு பீப்பாக இருக்காது. கேட்காத சத்தத்துக்காக இரண்டு பாகங்களை விற்கப் பார்ப்பது நியாயமே இல்லை. அடுத்த தடவை கடைக்குப் போக நேர்ந்தால் சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டு போங்கள், எந்தப் பாகம் என்று காட்டச் சொல்லுங்கள். அப்புறம், பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.