ஹவுஸ், டெக்னோ எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. சமீபத்தில் வந்தவற்றில் எதைக் கேட்கலாம்?

ஒரே மாதிரி கேட்பதில் உங்கள் காது மேல் குற்றம் இல்லை. இரண்டுமே கிளப்பில் ஆடுவதற்கான மின்னணு இசைதான். இரண்டிலுமே பெரும்பாலும் 'டும் டும் டும் டும்' என்று ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, விழுந்துகொண்டே இருக்கும். ஹவுஸ் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடி. டெக்னோ அதைவிடக் கொஞ்சம் வேகம்; இப்போது வருவதில் 145, 150 எல்லாம் சாதாரணம். அந்தக் கிக்கையே கவனித்துக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தலைவலிதான் வரும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை "ஒரே ஸ்வரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறாரே" என்று யாரும் குறை சொல்வதில்லை. கிக்கையும் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே என்ன மாறுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காதீர்கள். பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலி முழுக்கக் காணாமல் போய், வெறும் டிக் டிக் சத்தம்தான் மிஞ்சும். ஒரு சுமாரான ஹெட்போன் போதும். தேடும்போது பெயருக்குப் பக்கத்தில் 'எக்ஸ்டென்டட் மிக்ஸ்' என்று போட்டது இருந்தால் அதையே எடுங்கள். முதல் ஒரு நிமிடம் டிரம் மட்டும் ஓடும். டிஜே முந்தைய டிராக்கோடு இதைக் கோத்துக்கொள்ள விட்டுவைத்த இடம் அது. அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம்.

சரி, டிராக்குகளுக்கு வருகிறேன்.

ஜேமி எக்ஸ்எக்ஸும் ஹனி டிஜோனும் சேர்ந்து 2024-இல் செய்த 'பேடி ஆன் த ஃப்ளோர்' முதலில். டிஸ்கோ வாசனை தூக்கலாக இருப்பதால் இதில் யாருக்கும் சலிப்பு வராது. ஹனி டிஜோன் ஷிகாகோக்காரர். ஹவுஸ் பிறந்ததும் அந்த ஊரில்தான். 1977-இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் போட்ட இசையிலிருந்து கிளம்பியது. பெக்கி கூவின் 'நானானா' (2023) உங்களுக்கு எப்படியும் ரீல்ஸில் காதில் விழுந்திருக்கும், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய 'ஸ்டாரி நைட்' (2019) அதைவிட எனக்குப் பிடிக்கும்.

கெர்ரி சாண்ட்லரின் 2022 ஆல்பம் 'ஸ்பேசஸ் அண்ட் பிளேசஸ்' கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டியது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த பழைய கை அவர். உலகத்தின் பெயர்பெற்ற கிளப்புகளுக்கு நேரிலேயே போய், ஒவ்வொரு அரங்கிலும் ஒலி எப்படி எதிரொலிக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்து, அந்தந்த இடத்துக்கென்று ஒரு டிராக் செய்தார். ஹெட்போனில் கேட்டால் கைதட்டல் ஒலி எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்பது டிராக்குக்கு டிராக் மாறுவது தெரியும். "எல்லாம் ஒரே மாதிரி" என்பவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் மருந்து இதுதான்.

ஃபோர் டெட் 2024-இல் வெளியிட்ட 'த்ரீ' ஆல்பத்தில் 'டேட்ரீம் ரிப்பீட்' என்று ஒன்று. அடியில் முரட்டு டிரம், மேலே ஹார்ப் மாதிரி சிதறும் மெல்லிய ஒலி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது என்றுதான் தோன்றும், ஆனால் ஒட்டிவிடுகிறது. பிடித்துப்போனால் அவருடைய 'மார்னிங் ஈவ்னிங்' (2015) பக்கம் போங்கள். அதில் லதா மங்கேஷ்கர் குரலை எடுத்து இருபது நிமிடம் ஓட்டியிருக்கிறார். அதே வரிசையில் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸின் 'பர்த்4000' (2023). நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதர். பேஸை நிற்கவே விடாமல் ஓடவைத்திருக்கிறார்.

டெக்னோவில் புதுசு என்று இப்போது ஓடுவதில் பாதி எனக்கு ஒத்துவரவில்லை. வேகம் மட்டும்தான் ஏறியிருக்கிறது. அதனால் கொஞ்சம் பழையதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்: ஃப்ளோர்பிளான் பெயரில் வந்த 'நெவர் க்ரோ ஓல்ட்' (2013). செய்தவர் ராபர்ட் ஹுட். டெட்ராய்ட்டில் ஜெஃப் மில்ஸோடு சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெக்னோ குழுவில் இருந்தவர், மிகக் கொஞ்சம் ஒலிகளை மட்டும் வைத்துச் செய்யும் மினிமல் டெக்னோவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். பிறகு அலபாமாவுக்குக் குடிபெயர்ந்து, தேவாலய ஊழியராகவும் ஆனார். பிற்பாடு மகள் லிரிக்கும் ஃப்ளோர்பிளான் என்ற இதே பெயரில் அவரோடு சேர்ந்துகொண்டார். இந்த டிராக்கில் பாடகி அரேத்தா ஃப்ராங்க்ளின் 1972-இல் தேவாலயத்தில் பாடிய பாட்டின் துண்டு திரும்பத் திரும்ப வரும். குரல் மாறாது, வார்த்தையும் மாறாது. அதைச் சுற்றியுள்ளது கூடிக்கொண்டே போகும். நடுவில் கிக்கை உருவிவிட்டுக் குரலை மட்டும் விடும் இடத்தைக் கவனியுங்கள். கிக் திரும்பி விழும்போது, இவ்வளவு நேரம் அது எதற்காக அடித்துக்கொண்டிருந்தது என்று புரியும். ஹவுஸா டெக்னோவா என்று இதை வைத்துச் சண்டை போடுகிறவர்களும் உண்டு. போடட்டும்.

இன்னும் பின்னால் போக மனமிருந்தால் 1987-இல் ஷிகாகோவின் ஃபியூச்சர் குழு வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்'. கிடாரிஸ்டுகள் வீட்டில் பயிற்சி செய்யத் துணையாக இருக்கட்டும் என்று ரோலண்ட் நிறுவனம் செய்து, விலைபோகாமல் நிறுத்திவிட்ட டி.பி.-303 என்ற, பேஸ் ஒலி எழுப்பும் சின்னப் பெட்டியை வைத்துச் செய்தது. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே பேஸ் வரிதான். குமிழைத் திருகத் திருக அது தேய்ந்து, நெளிந்து, கீச்சிடும். ஷிகாகோ டிஜே ரான் ஹார்டி ஒரே இரவில் இதை நான்கு முறை போட்டதாகவும், முதல் முறை ஆடுகளம் காலியானதாகவும், நான்காவது முறை கூட்டம் வெறிபிடித்து ஆடியதாகவும் குழுவின் டிஜே பியர் சொல்லியிருக்கிறார். அதனால் உங்களுக்கும் முதல் தடவை பிடிக்காவிட்டால் பரவாயில்லை.

அதே பெட்டியை அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1982-இல், பம்பாயில் ஒருவர் ராகத்துக்குத் திருப்பியிருந்தார். ஹிந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங்தான் அவர். அவருடைய ஆல்பம் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' வந்தபோது யாரும் சீந்தவில்லை. 2010-இல் மறுவெளியீடு ஆன பிறகுதான் ஐரோப்பியர்கள் வாயைப் பிளந்தார்கள். பத்தில் எதைப் போடுவது என்று குழப்பம் வந்தால் மால்கௌன்ஸில் தொடங்குங்கள். நம் ஹிந்தோளம்தான், காது உடனே பிடித்துக்கொள்ளும்.