நடுச்சாமத்தில் கீச்சிடும் புகை அலாரமும் பழைய பற்றரியும்

தங்கச்சி, கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ற் (நிலக்கீழ் வீடு) எடுத்து வந்து மூன்று வாரம், நடுச்சாமத்தில் சீலிங்கில் இருக்கும் புகை அலாரம் நிமிடத்துக்கு ஒருதரம் 'கீச்' என்கிறது, கூட இருப்பவர் பற்றரியைக் கழற்றி வைக்கச் சொல்கிறார், கழற்றினால் குப்பையில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கழற்றுங்கள். ஆனால் புதியதைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். ஒரு இரவுகூட அந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது.

அந்தக் 'கீச்', பற்றரி முடியப் போகிறது என்று சொல்வது. புகை என்றால் உரத்து மும்மூன்றாக அடிக்கும். காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு என்றால் நான்கு நான்காக. இரவில் வீடு குளிரும்போது தேய்ந்த பற்றரியின் வலு இன்னும் குறையும். அதனால்தான் பகலெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு விடியப்புறம் மூன்று மணிக்குத் தொடங்குகிறது.

முதலில் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள், குறுஞ்செய்தி போதும். ஒன்ராறியோ மாகாணத்தின் தீப் பாதுகாப்பு விதிகளின்படி அலாரத்தை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது அவர் பொறுப்பு. ஆனால் குடியிருப்பவர் அதை முடக்கி வைத்தால் அதுவும் குற்றம்தான். செத்தல் மிளகாய் வறுக்கும்போது கத்துகிறது என்று கழற்றி வைக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதைப் பழகாதீர்கள். அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டு, யன்னலைத் திறந்து, அலாரத்தின் நடுப் பட்டனை ஒருதரம் அமத்தினால் பெரும்பாலானவை கொஞ்ச நேரம் அடங்கும். பேஸ்மென்றில் நித்திரையாக இருக்கிறவருக்கு வெளியே போக இருப்பது ஒரு வாசல், ஒரு சின்ன யன்னல். அவரை எழுப்ப அந்த அலாரத்தை விட்டால் வேறொன்றும் இல்லை.

மாற்றுவது சுலபம். உறுதியான கதிரையில் ஏறி, அலாரத்தை இடப்பக்கமாகத் திருகினால் கையோடு வரும். பின்பக்கத்தில் செய்த திகதி இருக்கும், அதைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் பற்றரி மாற்றிப் பயனில்லை, முழு அலாரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். பற்றரி உள்ளேயே அடைத்து வரும் பத்து வருட வகையும் அப்படித்தான். புதியதைப் போட்டதும் ரெஸ்ற் பட்டனை அமத்தி, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கதிரையிலிருந்து இறங்க வேண்டும்.

இனிப் பழைய பற்றரி. சதுரமான ஒன்பது வோல்ற் பற்றரிக்கு இரண்டு முனையும் ஒரே தலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நான் வந்த புதிதில், பழையதுதானே என்று ஒன்றைக் குசினி லாச்சிக்குள் இருந்த பிஸ்கற் ரின்னில் போட்டேன். அதற்குள் திறப்புகளும் சில்லறையும் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகும் மணம். லாச்சியை இழுத்தால் ரின் சுட்டது. ஒரு நாணயம் இரண்டு முனையிலும் படுத்திருந்தது, பற்றரியைக் கையால் தொட முடியவில்லை. பக்கத்திலேயே கடைப் பற்றுச்சீட்டுகள் குவிந்து கிடந்தன. அலாரம் கீச்சிடத் தொடங்கினாலும் பற்றரிக்குள் அவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறது. அன்றிலிருந்து கழற்றிய உடனே இரண்டு முனையையும் ரேப் ஒட்டி மூடிவிடுவேன்.

குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மீள்சுழற்சிக்கான நீலத் தொட்டியிலும் போடக்கூடாது. குப்பை லொறிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கலாம். கனேடியன் ரயர், ஹோம் டிப்போ போன்ற கடைகளில் பழைய பற்றரி வாங்கும் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், காசு கேட்கமாட்டார்கள். ரொறன்ரோ நகரசபையின் கழிவு சேகரிப்பு நிலையங்களிலும் கொடுக்கலாம். பழைய அலாரத்தையே எறிவதென்றால் முதலில் நகரசபையின் தகவல் இலக்கமான 311க்கு அழைத்து எங்கே கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வகைகளுக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு இருக்கும். மாட்டிய இடத்தில் இருக்கும்வரை ஆபத்தில்லை, உடைத்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.

காபன் மொனொக்சைட் அலாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில், அடைபட்ட புகைபோக்கியால் ஒரு குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் இறந்தார்கள். அதன்பிறகு வந்த சட்டம்தான் வீடுகளில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது. உங்கள் பேஸ்மென்றில் காஸ் ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) இருந்தால் அந்த அலாரம் இல்லாமல் அங்கே படுக்காதீர்கள்.

நாளை வேலை முடிந்து வரும்போது ஒரு பற்றரி வாங்கி வாருங்கள். அல்கலைன் என்று எழுதியிருக்க வேண்டும், சார்ஜ் பண்ணுகிற வகை வேண்டாம். மாற்றியபிறகும் கீச்சிட்டால் பின்பக்கத் திகதியை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.