மாதத்துக்கு அரை லிட்டர் எண்ணெய்

கேள்வி: வயது 46. கோவையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். மனைவியும் பிள்ளைகளும் சங்கரன்கோவிலில் இருக்கிறார்கள். 14 வருடமாக எனக்கு மூன்று வேளையும் மெஸ், ஹோட்டல்தான். மூன்று மாதம் முன்பு ஒரு ராத்திரி நெஞ்சை அடைத்து, வேர்த்துக் கொட்டி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹார்ட் அட்டாக் இல்லை என்றார்கள். ஆனால் பிரஷர் கூடியிருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கல்லீரலில் கொழுப்பு. எடை 91 கிலோ. பத்துக் கிலோ குறைக்கச் சொல்லி, பிரஷர் மாத்திரையும் கொடுத்திருக்கிறார் டாக்டர். அறையில் அடுப்பும் சின்ன குக்கரும் உண்டு, ஃப்ரிட்ஜ் இல்லை. சோறு வடிக்கவும் முட்டை அவிக்கவும் மட்டும் தெரியும். சிறுதானியம் சாப்பிடு என்கிறார் ஒருவர், சோற்றையே தொடாதே என்கிறார் இன்னொருவர், தேனும் எலுமிச்சையும் போதும் என்கிறார் மூன்றாமவர். நான் எதிலிருந்து தொடங்குவது?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: எண்ணெயிலிருந்து தொடங்குங்கள் தம்பி. சோற்றுச் சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு எழுதுகிறவர் நீங்கள், கணக்காகவே சொல்கிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லி, கிட்டத்தட்ட 120 கலோரி. மேலே எண்ணெய் மிதக்காத குழம்பை மெஸ்ஸில் யாரும் நல்ல குழம்பு என்று சொல்வதில்லை. அவர்களும் ஊற்றத்தான் செய்வார்கள். ஒரு நாளில் எவ்வளவு உள்ளே போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்கள் அறையில் மட்டும்தான் அதற்குக் கணக்கு வைக்க முடியும். ஒன்றாம் தேதி அரை லிட்டர் பாக்கெட் ஒன்று வாங்குங்கள். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, நாக்குக்குப் பழகியது எதுவானாலும் சரி. பாட்டிலில் ஊற்றி, மேலே தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன். முப்பது நாள் அது வர வேண்டும். இருபதாம் தேதியே காலியானால் எங்கே போனது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு பொருள் கட்டாயம் வேண்டும்: தாளிப்புக் கரண்டி. இரும்பில், உள்ளங்கை அகலத்தில், நீளமான காம்போடு பாத்திரக் கடையில் கிடைக்கும். அகலமான வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் பரவிப்போய் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும், கை தானாக இன்னும் கொஞ்சம் சாய்க்கும். சின்னக் கரண்டியில் அதே ஒரு ஸ்பூன் குழியில் நிற்கும். கடுகு முழுக வெடிக்கும், கறிவேப்பிலை மொறுமொறுவென்று வரும். வாசனைக்கு அது தாராளம்.

சிறுதானியம் சொன்னவரிடம் கோபிக்க வேண்டாம். நல்ல தானியம்தான், நார்ச்சத்து கூடுதல். ஆனால் 100 கிராம் அரிசியில் 350 கலோரி என்றால், சாமையிலும் தினையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். வரகு என்று பெயர் இருப்பதாலேயே மூன்று தட்டு சாப்பிட்டு இளைத்தவரை நான் பார்த்ததில்லை. சோறே சாப்பிடுங்கள். வேகவைக்கும் முன் அரிசியை அளந்து போடுங்கள், வேளைக்கு 75 கிராம். உங்கள் கடைத் தராசில் ஒரு தடவை நிறுத்து, எந்த டம்ளரில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். அளந்துதான் வடித்தீர்கள் என்றால் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளப் பானையில் சோறு இருக்காது. தேன், எலுமிச்சை பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, தேனும் சர்க்கரைதான்.

முதல் மாதம் மூன்றே சமையல் பழகினால் போதும்.

கீரை கடைசல். ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் உழவர் சந்தை விடிகாலையிலேயே தொடங்கிவிடும். அரைக்கீரையோ சிறுகீரையோ ஒரு கட்டு. மூன்று தண்ணீரில் அலசி நறுக்குங்கள். நாலு பல் பூண்டு, ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாயோடு அரை டம்ளர் தண்ணீரில் மூடாமல் வேகவிடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். கீரை சுருங்கிப்போகும், முதலிலேயே குவியலைப் பார்த்து உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது. மத்தால் கடைந்து, கரண்டியில் கடுகு, சீரகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

பாசிப்பருப்பும் காயும். பருப்பு, நறுக்கிய சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய், தக்காளி, மஞ்சள் தூள் எல்லாம் ஒன்றாகக் குக்கரில். குழம்பும் காயும் ஒரே பாத்திரத்தில் வந்துவிடும். சோறு ஒரு பங்கு, இது இரண்டு பங்கு.

மூன்றாவது ராத்திரிக்கு. காலையில் கிளம்பும்போது ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். கடை அடைத்துவிட்டு வந்து குக்கரில் வைத்தால் குளித்துவிட்டு வருவதற்குள் வெந்திருக்கும். வெங்காயம், வெள்ளரி நறுக்கிப் போட்டு ஓர் அவித்த முட்டையோடு சாப்பிடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாததில் ஒரு நல்லதும் உண்டு: மிச்சம் வைக்க முடியாது என்பதால் குறைவாகத்தான் சமைப்பீர்கள்.

மூன்றிலும் முதல் வாரம் சொதப்பத்தான் செய்யும். என் வீட்டுக்காரர் ரசம் வைக்கக் கற்றது 58 வயதில். அந்த முதல் ரசத்தின் புளிப்பை நினைத்தால் இன்றைக்கும் பல் கூசுகிறது.

டீயை விட்டுவிட்டேனே. கடையில் ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால் 200 கலோரி அதிலேயே போய்விடும். இரண்டு டீ, சர்க்கரை இல்லாமல். பத்து நாளில் பழகிவிடும். அந்தப் பத்து நாள் கொடுமைதான், பொய் சொல்ல மாட்டேன். பிரஷர் இருப்பதால் உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் அதுவே நல்ல வேகம். நடுவில் சில வாரம் அசையாது. பத்துக் கிலோவுக்கு ஆறேழு மாதம் என்று வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை ஒரே ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். இடுப்பையும் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எடை இறங்கும்போது பிரஷரும் இறங்கலாம். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். இன்னொரு தடவை நெஞ்சை அடைத்தால் "போன தடவை ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பரோட்டாவுக்குக் கூப்பிடும் நண்பர்களோடு மாதம் ஒரு தடவை போய் வாருங்கள். எனக்கு அதைவிடப் பயம் ஊருக்குப் போகும் நாட்களைப் பற்றித்தான். "இளைத்துப் போய்விட்டீர்களே" என்று வீட்டில் வடைச் சட்டியை ஏற்றிவிடுவார்கள். பஸ் ஏறும் முன்பே போன் செய்து, ஒரு வேளை சமையல் என்னுடையது என்று உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். தாளிப்புக் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கீரை கடைந்து போடுங்கள். உப்புச் சரியாக இருந்ததா என்று அவர் சொன்னதை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.