இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு ஏன் ஹிஜ்ரத்திலிருந்து தொடங்குகிறது?

நபிகள் நாயகத்தின் பிறப்பையோ, 610-இல் ஹிரா குகையில் முதல் இறைவசனம் அருளப்பட்டதையோ விட்டு, 622-இல் அவர் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்ததையே, அதாவது ஹிஜ்ரத்தையே, தொடக்கமாகக் கொண்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மக்காவில் ஓரிறைக் கொள்கையை ஏற்றவர்கள், அங்கு செல்வாக்குடன் இருந்த குறைஷி குலத்தாரின் துன்புறுத்தலுக்கு ஆளான சிறு குழுவாகவே இருந்தனர்; அன்று யத்ரிப் எனப்பட்ட மதீனாவில்தான், குலப்பிணைப்பைக் கடந்து நம்பிக்கையால் இணைந்த, தனக்கென உடன்படிக்கையும் தலைமையும் கொண்ட சமூகமாக அவர்கள் உருப்பெற்றனர். இந்தக் கணக்கை வகுத்தவர் நபிகளார் அல்லர் என்பதைப் பலர் அறிவதில்லை. 632-இல் அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், ஆட்சி விரிந்து கடிதங்களுக்குத் தேதியிடும் தேவை எழுந்தபோது, அவருக்குப் பின் தலைமையேற்றவர்களில் இரண்டாமவரான கலீஃபா உமர் அதை நிறுவினார். நபிகளார் மதீனா வந்து சேர்ந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில். ஆண்டோ, அரபு வழக்கப்படி முஹர்ரம் மாதத்திலேயே பிறக்கிறது.